தீர்ந்த வழக்குகளும் தீராத வழக்குகளும்: இரு உலகப் போர்களுக்கு இடையில் ஒரு கணக்காய்வு

கடந்த மார்ச் மாதமும் வழமைபோல ஜெனீவாவுக்குப் போயிருந்தோம். விடியப்புறம் புறப்பட்ட பேருந்து, மடியில் சாப்பாட்டுப் பொதி, ஐ.நா. முன்றலில் கால் உடைந்த அந்தப் பெரிய கதிரை. புலம்பெயர்ந்த எங்கள் சனத்துக்கு இது பழகிப்போன ஒரு நாள். திரும்பி வரும்போது நண்பர் ஒருவரின் மகள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். இங்கே பிறந்து, இந்த வருடம்தான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கியவள்.

"மாமா, நீங்கள் எல்லாரும் வருசம் வருசமா வாறீங்கள். இந்த ஊரில எப்பவாவது ஒரு பிரச்சினை உண்மையா தீர்ந்திருக்கா?" என்று கேட்டாள்.

"தீர்ந்திருக்கு பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். எது, எப்படி என்று கேட்டபோது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்லுறன்" என்றேன். அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

நான் வரலாற்றாசிரியன் அல்லன். வணிகமாணி படித்து, ஊரில் சில வருடங்கள் கணக்காய்வு வேலை பார்த்து, பிறகு அகதியாக வந்து, இப்போது கடைக்காரருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஆகவே எந்தப் பிணக்கைப் பார்த்தாலும் கணக்குக்காரன் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்கத் தெரியும். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? எந்தத் திகதிக்குள்? கொடுத்தாயிற்றா என்று பார்ப்பவர் யார்? கொடுக்காவிட்டால் என்ன?

ஐ.நா.வுக்கு முந்திய சபை

ஜெனீவாவில் ஏரிக்கரையோரமாக நடந்தால் 'பலே வில்சன்' என்ற பழைய கட்டடம் வரும். ஒரு காலத்தில் அது விருந்தினர் விடுதி. பிற்காலத்தில் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளரின் அலுவலகம் அங்கே வந்தது. எங்களில் பலர் அதன் வாசலில் மனுக் கொடுத்திருக்கிறோம். 1920 முதல் 1936 வரை சர்வதேச சங்கத்தின் செயலகம் அங்கேதான் இயங்கியது என்பது அநேகருக்குத் தெரியாது.

முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1920 ஜனவரியில் தொடங்கியது சர்வதேச சங்கம். ஐ.நா.வுக்கு முந்திய சபை அது. அதற்குப் படை கிடையாது. அதன் பேரவையில் பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி, யப்பான் ஆகியவை நிரந்தர இடம் பெற்றிருந்தன. அமெரிக்கா கடைசிவரை சேரவில்லை. சங்கத்தின் உடன்படிக்கையில் 11ஆம் உறுப்புரை என்று ஒன்று இருந்தது. அமைதியைக் குலைக்கக்கூடிய எந்த விடயத்தையும் எந்த உறுப்பு நாடும் பேரவையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்றது அது. "இது எங்கள் வீட்டு விடயம், நீ யார் கேட்க?" என்று ஒரு நாடு சொல்வதற்கு முன்னரே மற்றவர்கள் வாய்திறக்க அது ஒரு வழி வைத்தது.

இந்தச் சபை இரண்டாம் உலகப் போரைத் தடுக்கத் தவறியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதன் பேரேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால், ஒழுங்காக மூடப்பட்ட கணக்குகளும் அதில் இருக்கின்றன. நான் நான்கு கணக்குகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது கணக்கு: ஓலண்ட் தீவுகள்

பெயரைப் பார்த்து எங்கள் ஊரை ஆண்ட ஒல்லாந்தர் என்று நினைத்துவிட வேண்டாம். ஓலண்ட் என்பது சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே, பால்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு தீவுகள். மக்கள் பேசுவது சுவீடிஷ் மொழி. 1809இல் சுவீடன் ரஷ்யாவிடம் தோற்றபோது பின்லாந்தோடு சேர்த்து இந்தத் தீவுகளும் ரஷ்யப் பேரரசின் கையில் போயின.

1917இல் ரஷ்யப் பேரரசு ஆட்டம் கண்டது. அந்த ஓகஸ்ட் மாதம் தீவுகளின் ஊர்ப் பிரதிநிதிகள் ஒரு பாடசாலையில் இரகசியமாகக் கூடி, சுவீடனோடு மீண்டும் சேர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வளர்ந்தவர்கள் ஏழாயிரம் பேரளவில் கையெழுத்திட்ட மனு ஒன்று 1918இல் சுவீடன் மன்னரிடம் போனது. மொத்தச் சனத்தொகையே இருபதினாயிரத்துச் சொச்சம் என்பதை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஊர் முழுவதும் கையெழுத்து வைத்தது போலத்தான்.

இதற்கிடையில் 1917 டிசம்பரில் பின்லாந்து சுதந்திரப் பிரகடனம் செய்தது. தீவுகள் தன்னுடையவை என்றது. 1920 மே மாதம் ஒரு சுயாட்சிச் சட்டத்தை நிறைவேற்றி, "இந்தா, இதை எடுத்துக்கொள்" என்று நீட்டியது. தீவு மக்கள் வாங்க மறுத்தார்கள். தலைவர்களான யூலியஸ் சுண்ட்புளொம், கார்ல் பியோர்க்மன் இருவரையும் பின்லாந்து தேசத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது. சுவீடன் கொதித்தது. இந்தக் கட்டம்வரை வாசிக்கிற எந்த ஈழத்தமிழருக்கும் மிச்சக் கதை எப்படிப் போகும் என்று ஒரு ஊகம் வரும். எனக்கும் வந்தது.

ஆனால் கதை வேறு பக்கம் திரும்பியது. பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபு, அந்த 11ஆம் உறுப்புரையின் கீழ் விடயத்தைச் சர்வதேச சங்கத்தின் பேரவைக்குக் கொண்டுபோனார். பின்லாந்து, "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்றது. பேரவை இதைப் படிமுறையாகக் கையாண்டது.

முதற்படியாக, விசாரிக்க உரித்து உண்டா என்ற கேள்வியை மூன்று சட்ட அறிஞர்களிடம் விட்டது. பின்லாந்தே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் நாடு, ஆகவே இதை வெறும் உள்நாட்டு விடயமாகப் பார்க்க முடியாது, பேரவை விசாரிக்கலாம் என்று 1920 செப்டெம்பரில் அவர்கள் சொன்னார்கள்.

அடுத்ததாக, பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூவர் குழு ஒன்று நேரிலே போனது. ஸ்டொக்ஹோம், ஹெல்சிங்கி, தீவுகள் என்று மூன்று இடத்திலும் ஆட்களைக் கண்டு கதைத்து, 1921 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. தீவுகள் பின்லாந்தின் இறைமைக்குள்ளேயே இருக்கட்டும் என்றது அறிக்கை. தீவு மக்களுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் அதோடு நிற்கவில்லை. மக்களின் மொழிக்கும் நிலத்துக்கும் உறுதியான உத்தரவாதங்களைப் பின்லாந்து கொடுக்க வேண்டும், கொடுக்க மறுத்தால் வாக்கெடுப்பு நடத்தித் தீவுகளைப் பிரித்துவிடும்படி தாங்களே சொல்ல நேரிடும் என்றும் எழுதியது. ஒரு அரசு நியாயமான உத்தரவாதங்களைக் கொடுக்க விரும்பாவிட்டால், அல்லது கொடுக்க வலுவில்லாவிட்டால், கடைசி வழியாகப் பிரிவு வரலாம் என்பது அந்த அறிக்கையின் வாதம். பரிகாரமாகப் பிரிந்து செல்லும் உரிமை பற்றி எங்கள் சட்டத்தரணிகள் கதைக்கும்போது, அவர்கள் போய் நிற்கும் பழைய பத்திரங்களில் இதுவும் ஒன்று.

1921 ஜூன் 24ஆம் திகதி பேரவை தீர்ப்புச் சொன்னது. மூன்று நாள் கழித்து, ஜூன் 27ஆம் திகதி, சுவீடனும் பின்லாந்தும் உத்தரவாதங்களின் வாசகத்தை உடன்பட்டு எழுதின. அந்த வாசகத்தைப் படித்தபோதுதான் எனக்கு மரியாதை வந்தது. "சிறுபான்மையினரின் உரிமைகள் மதிக்கப்படும்" என்கிற மாதிரி மேலோட்டமான வசனத்தோடு அது நின்றுவிடவில்லை. ஒவ்வொரு விடயமாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள்:

- பாடசாலை: மாகாணமோ ஊராட்சியோ, சுவீடிஷ் மொழியில் கற்பிக்காத பாடசாலைக்குக் காசு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல. அரச உதவி பெறும் ஆரம்பப் பாடசாலையில் ஊராட்சியின் சம்மதம் இல்லாமல் பின்னிஷ் மொழி படிப்பிக்க முடியாது.
- காணி: வெளியாள் ஒருவர் தீவில் காணி வாங்கினால், உள்ளூர்வாசியோ ஊராட்சியோ மாகாணமோ அதை மீட்டு வாங்கும் உரிமை உண்டு. விலையில் இணக்கம் வராவிட்டால், சந்தை விலையைப் பார்த்து நீதிமன்றம் விலை குறிக்கும்.
- வாக்கு: வெளியிலிருந்து வந்து குடியேறுபவருக்கு ஐந்து வருடம் தீவில் வாழ்ந்த பிறகுதான் உள்ளூர்த் தேர்தல்களில் வாக்கு.
- ஆளுநர்: பின்லாந்து ஜனாதிபதி நியமிப்பார், ஆனால் தீவுச் சட்டசபைத் தலைவரின் இணக்கத்தோடு. இணக்கம் வராவிட்டால், சட்டசபை கொடுக்கும் ஐந்து பெயர்களில் இருந்துதான் ஒருவரை எடுக்க வேண்டும்.
- வரி: தீவில் அறவிடும் காணி வரியில் 50 வீதம் தீவுக்கே.
- முறைப்பாடு: தீவுச் சட்டசபைக்குக் குறை இருந்தால், பின்லாந்து அரசு அதைத் தன் குறிப்போடு சர்வதேச சங்கத்தின் பேரவைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

குடியேற்றத்தால் சனத்தொகை விகிதம் மாறிப்போன மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் இந்த இரண்டாவது, மூன்றாவது வரிகளை இன்னொருமுறை வாசியுங்கள். எங்கே ஓட்டை விழும் என்று முன்கூட்டியே பார்த்து அடைத்திருக்கிறார்கள்.

அதே வருடம் ஒக்ரோபர் 20ஆம் திகதி, தீவுகளில் படையோ கோட்டையோ இருக்கக்கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கை ஒன்றில் பத்து நாடுகள் கையெழுத்திட்டன. 1922இல் பின்லாந்து நாடாளுமன்றம் உத்தரவாதங்களைத் தன் சொந்தச் சட்டமாக்கியது. ஜூன் 9ஆம் திகதி தீவுச் சட்டசபை முதன்முதலில் கூடியது. அதன் தலைவர் யார் தெரியுமா? தேசத்துரோகி என்று கைதான அதே சுண்ட்புளொம். அரசாங்கத் தலைவர், அதே பியோர்க்மன்.

சுவீடன் இந்தத் தீர்ப்பில் தோற்றது. சுவீடனின் பிரதிநிதி பிராண்டிங் தன் நாட்டின் மனவருத்தத்தைப் பேரவையிலேயே பதிவு செய்தார். ஆனாலும் தீர்ப்பை மதித்து நடப்போம் என்று சுவீடன் சொன்னது, சொன்னபடி நடந்தது.

இரண்டாவது கணக்கு: கோர்பூ, 1923

ஓலண்ட் கணக்கைப் பார்த்துவிட்டுச் சர்வதேச சங்கத்தைப் புகழத் தொடங்கினால் நான் அரைகுறைக் கணக்காய்வாளன் ஆகிவிடுவேன். அடுத்த பக்கத்தில் இருப்பது கோர்பூ.

1923 ஓகஸ்ட் 27ஆம் திகதி, கிரேக்க–அல்பேனிய எல்லையை அளந்து குறிக்கும் வேலையில் இருந்த இத்தாலியத் தளபதி தெல்லினியும் கூட இருந்தவர்களும் கிரேக்க மண்ணில் கொல்லப்பட்டார்கள். யார் கொன்றது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. இத்தாலியில் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத முசோலினி, 50 மில்லியன் லீரா நட்டஈடு உட்படப் பல கோரிக்கைகளைக் கிரேக்கத்தின் மேல் வைத்தார். முழுவதற்கும் கிரேக்கம் இணங்கவில்லை. 31ஆம் திகதி இத்தாலியக் கடற்படை கோர்பூ தீவின் பழைய கோட்டையை நோக்கிக் குண்டு வீசியது.

அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்கள் யார்? துருக்கியிலிருந்து துரத்தப்பட்டு வந்து ஒதுங்கியிருந்த அகதிகளும் அநாதைப் பிள்ளைகளும். குறைந்தது 15 பேர் செத்துப்போனார்கள். கோவில்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கியிருந்தபோது குண்டு வாங்கிய எங்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிரேக்கம் உடனே சர்வதேச சங்கத்திடம் முறையிட்டது. முசோலினி, இதை விசாரிக்கச் சங்கத்துக்கு உரித்தில்லை என்றார், வற்புறுத்தினால் சங்கத்தைவிட்டே விலகுவோம் என்று மிரட்டினார். கடைசியில் விடயம் 'தூதுவர் மாநாடு' என்ற வேறொரு அமைப்பின் கைக்குப் போனது. போரில் வென்ற பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி, யப்பான் ஆகியவற்றின் தூதுவர்கள் பாரிசில் கூடும் சபை அது. அதாவது குண்டு வீசிய இத்தாலியும் தீர்ப்புச் சொல்லும் மேசையில் ஒரு கதிரை போட்டு இருந்தது. நாங்கள் ஒரு நிறுவனத்தின் பங்காளியையே அதன் கணக்காய்வாளராக நியமித்தால் எங்கள் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள்.

முதலில் ஓரளவு நியாயமான ஏற்பாடு ஒன்று பேசப்பட்டது. கிரேக்கம் 50 மில்லியன் லீராவைச் சுவிஸ் வங்கியொன்றில் பிணையாக வைப்பிலிட வேண்டும், எவ்வளவு கொடுப்பது என்பதை ஹேக்கில் உள்ள நிரந்தர சர்வதேச நீதிமன்றம் தீர்மானிக்கும் என்று. ஆனால் நீதிமன்றம் கணக்குப் பார்க்க முன்னரே, முழுக் காசையும் இத்தாலிக்குக் கொடுத்துவிடும்படி தூதுவர்கள் முடிவெடுத்தார்கள். கிரேக்கம் கட்டியது. செப்டெம்பர் 27ஆம் திகதி இத்தாலியப் படை கோர்பூவை விட்டு வெளியேறியது. கோட்டைக்குள் செத்த அகதிகளின் பெயரில் எந்தத் தொகையும் எந்தப் பக்கத்திலும் பதியப்படவில்லை.

மூன்றாவது கணக்கு: பெத்ரிச், 1925

இரண்டு வருடம் கழித்து அதே கிரேக்கம், இந்த முறை மேசையின் மறுபக்கத்தில்.

1925 ஒக்ரோபர் 19ஆம் திகதி கிரேக்க–பல்கேரிய எல்லையில் ஒரு துப்பாக்கிச் சண்டை. தன் நாயைத் துரத்திக்கொண்டு ஓடிய சிப்பாய் ஒருவன் எல்லை தாண்டிப்போய்ச் சுடப்பட்டான் என்று ஒரு கதை உண்டு. அதனால் 'நாய்ச் சண்டை' என்றே பிற்காலத்தில் பெயர் வந்தது. கதை எப்படி இருந்தாலும் ஒரு கிரேக்கச் சிப்பாயும், வெள்ளைக் கொடியோடு போன ஒரு கிரேக்க அதிகாரியும் இறந்தது உண்மை. அப்போது கிரேக்கத்தை ஆண்ட தளபதி பங்காலொஸ், படையைப் பல்கேரியாவுக்குள் அனுப்பி, பெத்ரிச் பட்டணத்தை நோக்கி நகர்த்தினார்.

உலகப் போரில் தோற்ற பல்கேரியா 20,000 பேருக்கு மேல் படை வைத்திருக்க முடியாதபடி ஒப்பந்தத்தால் கட்டப்பட்டிருந்தது. அது சர்வதேச சங்கத்துக்குத் தந்தி அடித்தது. பேரவைத் தலைவராக இருந்த பிரான்சின் அரிஸ்டீட் பிரியான், மறுமொழிக்குக் காத்திராமல், இரு தரப்பும் படையை நிறுத்த வேண்டும் என்று ஒக்ரோபர் 23ஆம் திகதியே தந்தி அனுப்பினார். 26ஆம் திகதி பேரவை பாரிசில் கூடியது. அது விதித்த கெடுவைப் பாருங்கள்: பின்வாங்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டோம் என்று 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும், 60 மணித்தியாலத்துக்குள் படை முழுவதும் தன் எல்லைக்குள் போயிருக்க வேண்டும். போனதா என்று பார்க்க வெளிநாட்டு இராணுவ அதிகாரிகளும் நேரடியாக அனுப்பப்பட்டார்கள். படை கெடுவுக்குள் வெளியேறியது.

பிறகு பிரித்தானிய இராஜதந்திரி ஹோரஸ் ரம்போல்ட் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று போனது. கிரேக்கம் 30 மில்லியன் லெவா, அதாவது ஏறத்தாழ 45,000 ஸ்ரேர்லிங் பவுண், இரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்று டிசம்பரில் முடிவானது. கிரேக்கம் கட்டியது. இனி இப்படி நடக்காமல் இருக்க, எல்லைக் காவலை ஒழுங்குபடுத்தச் சுவீடன் அதிகாரிகளை வைத்துக்கொள்வது என்றும் ஏற்பாடு வந்தது.

தொகை, கெடு, பார்வையாளர், மீண்டும் நடக்காமல் இருக்க ஒரு ஏற்பாடு என்று எல்லாமே இதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதைச் சர்வதேச சங்கத்தின் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால் கிரேக்கர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். கோர்பூவில் இத்தாலி எங்களுக்குக் குண்டு வீசியபோது நாங்கள்தான் காசு கட்டினோம், இப்போது நாங்கள் பல்கேரியாவுக்குள் போனபோதும் நாங்கள்தான் கட்டுகிறோம், இது என்ன கணக்கு? இந்தக் கேள்விக்கு யாரிடமும் நேர்மையான பதில் இருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. துருக்கியிலிருந்து வந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளைக் குடியமர்த்த, சர்வதேச சங்கத்தின் ஆதரவோடு எடுத்த கடனில்தான் கிரேக்கம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் உள்ள ஒருவர் கடன் ஒழுங்கு செய்து கொடுத்தவரின் பேச்சைத் தட்டுவது கடினம்.

நான்காவது கணக்கு: மஞ்சூரியா

1931 செப்டெம்பரில் யப்பான் சீனாவின் மஞ்சூரியாவைப் பிடிக்கத் தொடங்கியது. சீனா முறையிட்டது. சங்கம் லிட்டன் பிரபு தலைமையில் ஆணைக்குழு ஒன்றை அனுப்பியது. அதன் அறிக்கை 1932 ஒக்ரோபரில் வெளிவந்தது. விரிவான, நேர்மையான அறிக்கை என்று இன்றும் சொல்கிறார்கள். 1933 பெப்ரவரி 24ஆம் திகதி அந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்ட தீர்மானத்துக்கு ஆதரவாக 42 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தது ஒரே ஒரு நாடு, யப்பான். அதன் தூதுக்குழு எழுந்து வெளியே நடந்தது. அடுத்த மாதம் யப்பான் சங்கத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. மஞ்சூரியா யப்பானிடமே இருந்தது.

42க்கு 1. இதைவிடப் பெரிய பெரும்பான்மை எந்தச் சபையில் கிடைக்கும்? ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் கெடு இல்லை, தண்டம் இல்லை, அறவிட ஆள் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு 'அறவிடமுடியாக் கடன்' என்று பெயர். ஏட்டில் வரவேண்டிய காசாக அழகாக எழுதப்பட்டிருக்கும். கைக்கு ஒரு சதமும் வராது.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

பெரிய வல்லரசு ஒன்று நேரடியாகக் குற்றவாளியாக நின்ற இரண்டு இடத்திலும், கோர்பூவிலும் மஞ்சூரியாவிலும், சபை தோற்றது. சிறிய நாடுகளுக்கு இடையில் நடந்த இரண்டு இடத்திலும் வென்றது. இதை மறைத்துப் பேசிப் பிரயோசனம் இல்லை.

ஆனால் வென்ற இரண்டிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெத்ரிச்சில் தீர்த்தது சில நாள் சண்டையை. ஓலண்டில் தீர்த்தது தலைமுறைகளாக நீண்டிருக்கக்கூடிய பிணக்கை. சர்வதேச சங்கம் 1946இல் கலைக்கப்பட்டது. உத்தரவாதத்துக்குப் பொறுப்பு நின்றவரே இல்லாமல் போனார். அப்படியிருந்தும் ஓலண்டின் சுயாட்சி கலைந்து போகவில்லை. 1951இல் புதிய சட்டம் வந்து அதிகாரம் கூடியது. 1954இல் தனிக்கொடி வந்தது. 1993இல் இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1995இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஓலண்டின் காணிச் சட்டங்களுக்கென்று தனி நெறிமுறையே எழுதப்பட்டது. இன்று அங்கே சுமார் 30,000 பேர் வாழ்கிறார்கள். பாடசாலை மொழி இன்னமும் சுவீடிஷ்தான்.

ஏன் நிலைத்தது? நான் கண்ட பதில் இதுதான். அந்தச் சுயாட்சிச் சட்டத்தைப் பின்லாந்து நாடாளுமன்றம் தனியே மாற்ற முடியாது, தீவுச் சட்டசபையின் சம்மதமும் வேண்டும். பூட்டுக்கு இரண்டு சாவி, அதில் ஒன்று சிறியவர் கையில். வெளியாள் காவல் நின்ற காலத்துக்குள் அந்தப் பூட்டைப் போட்டுவிட்டார்கள். பிறகு காவலாளி போனாலும் பூட்டு இருந்தது.

இந்தக் கண்ணோடு எங்கள் பழைய பத்திரங்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்றார்கள். ஆனால் மாற்றும் அதிகாரத்தில் எங்களுக்கென்று ஒரு சாவி இருக்கவில்லை. 1972இல் புதிய யாப்பு வந்தபோது அந்தப் பிரிவு காணாமலே போனது. 1957 ஜூலையில் எழுதிய பண்டா–செல்வா ஒப்பந்தத்துக்குச் சாட்சியாக நிற்க மூன்றாவது ஆள் இல்லை. 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமர் வீட்டு வாசலில் குந்தியிருந்த ஒரு நாளில் அது கிழிந்தது. 1987இல் இந்தியா சாட்சியாக நின்றது. ஆனாலும் வடக்கு–கிழக்கு இணைப்பு ஒரு தற்காலிகப் பிரகடனமாகவே எழுதப்பட்டிருந்தது, 2006இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றோடு பிரிந்தது. 2002 போர்நிறுத்தத்துக்கு நோர்வே தலைமையில் ஐந்து நோர்டிக் நாடுகள் கண்காணிப்பாளர் அனுப்பின. அவற்றில் சுவீடனும் பின்லாந்தும் இருந்தன என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் குறிப்பேட்டில் மீறல்களை எண்ணி எழுதினார்கள். எழுதியதற்குப் பின்னால் "இல்லாவிட்டால்" என்ற வரி இருக்கவில்லை.

எங்கள் கதையும் ஓலண்டின் கதையும் ஒன்றல்ல. அங்கே பக்கத்தில் ஒரு சுவீடன் இருந்தது. பின்லாந்து உலக நாடுகளின் மதிப்பைத் தேடிக்கொண்டிருந்த இளம் நாடு. தீவு மக்களின் ஊர்கள் எரிக்கப்படவில்லை, பிள்ளைகள் காணாமல் போகவில்லை. அவர்கள் கேட்டதும் கிடைத்ததும் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. சங்கம் அவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தவே இல்லை. ஆகவே "ஓலண்ட் மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாருக்கும் புத்தி சொல்ல நான் வரவில்லை. யார் எந்தப் பத்திரத்தை மேசையில் வைத்தாலும் எங்கள் பிள்ளைகள் அதைப் புரட்டிப் பார்க்கும்போது ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன். என்ன கொடுக்கப்படுகிறது என்பது வரி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா? எந்தத் திகதிக்குள்? யார் சரிபார்ப்பது, அவர் பங்காளியா வெளியாளா? கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்? நாளைக்கு இதை மாற்றுவதென்றால் எங்கள் கையில் சாவி உண்டா?

போன கிழமை அந்தப் பிள்ளைக்கு ஓலண்ட் உத்தரவாதங்களின் பட்டியலை அனுப்பி வைத்தேன். வாசித்துவிட்டு ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாள்: "மாமா, காணி விலையை யார் தீர்மானிக்கிறது எண்டு கூட எழுதியிருக்கினம்."

அவள் கவனித்தது சரியான இடத்தை. வருகிற மார்ச்சில் ஜெனீவா போகும்போது, வழமையான கதிரையடிக்குப் போக முன்னர் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பழைய கட்டடத்தையும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.